முதல் வரிசை

சுங்கை சிப்புட் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
வீராசாமியின் ஒட்டுக்கடையில்
மூன்று வாரமாய் ஒரே வழக்கு.
எங்கோ குளிர்நாட்டில்
அறைத்தோழியைக் கொன்றாளாம் ஒருத்தி.
கத்தியின் நீளம் லோரி தங்கையாவுக்கு அத்துப்படி.
அவள் சட்டை நிறம் மாறினால்
மேசைக்கு மேசை தீர்ப்பும் மாறும்.
"கண்ணப் பாரு, செஞ்சிருக்கா."
"இப்படி அழுவுற பிள்ள செய்யாதுலா."
நானும் ஏதோ சொன்னேன்.

பின்னால் கிளாஸ் கழுவும் அஞ்சலைக்கு
ஒரே மகன். அவனும் கொலை வழக்கு.
தைப்பிங் சிறையில் நாலாம் வருசம்.
ஒன்பது முறை தள்ளிவைத்தாயிற்று.
பேப்பரில் வந்தது ஒரே நாள்,
செம்பனை விலைக்குக் கீழே ஆறு வரி,
அப்பன் பெயர் தப்பாக.
படம் போடவில்லை.
அவன் கண்ணை
யாரும் பார்த்துச் சொல்லவில்லை.

நேற்று ஈரக்கையோடு வந்து நின்றாள்.
யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.
"அந்தப் பிள்ளயோட அம்மா வந்திருக்காங்களா?"
"தெனம் வருது. மொத வரிசை."
"வீடு கிட்டத்துலயா?"
"இல்ல, பிளேன்ல வந்து தங்கியிருக்கு."
நல்லது என்றாள்.
நிஜமாகவே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஈப்போ கோர்ட்டில்
அவன் பெயரைக் கூப்பிடுவார்கள்.
லீவு கேட்டிருக்கிறாள்.
வீராசாமி இன்னும் வாய் திறக்கவில்லை.
அன்றைக்குத்தான் அங்கே தீர்ப்பு,
கடையில் கூட்டம் இருக்கும்.