ஈய முத்திரை

நீர்மட்டம் குறிப்பது என் வேலை.
வாரம் ஒருமுறை படகில் போய்
அளவுகோலைப் படித்து, எண்ணை எழுதி,
மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவேன்.
அந்தக் கோடையில் எண் இறங்கிக்கொண்டே போனது.
ஆகஸ்ட் கடைசியில்
நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு முதுகு தெரிந்தது.
கவிழ்ந்த படகு என்று நினைத்தேன்.
நெருங்கினால், கல்.

குவாதியானா ஆற்று மாவாலைகள் அப்படித்தான்.
வெள்ளத்தோடு மல்லுக்கு நிற்காதவை.
மழை வலுத்தால் மூழ்கிவிடும்.
பீப்பாய்போல் வளைந்த கூரைக்கு மேலே
ஆறு போகும், வேரோடு மரம் போகும்,
செத்த ஆடு போகும்.
வடிந்ததும் வந்து கதவைத் திறந்து
சேற்றை அள்ளி வெளியே கொட்டிவிட்டு
கோதுமையை உள்ளே கொட்டுவார்கள்.
ஆண்டுக்கு மூன்று மாதம்
செத்துப் பழகிய கட்டடம்.
அணை கட்டிய வருஷமும்
வழக்கம்போல்தான் மூழ்கியிருக்கும்.

உள்ளே குனிந்து போனேன்.
மேற்கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.
தானியம் விழும் துளையில் ஒரு கெளுத்தி,
நீரோடு வந்து நீரோடு போகத் தெரியாமல்
வாய் திறந்தபடி காய்ந்திருந்தது.
கதவு திறந்தால் மறைந்துபோகும் சுவரில்
கீறல்கள்,
ஐந்தைந்தாகக் கட்டியவை.
பெயர் இல்லை, தேதி இல்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
மிச்சத்தைப் பாசி தின்றிருந்தது.

நகராட்சிக் கிடங்கில் அபராதப் புத்தகங்கள் இருக்கின்றன.
எலிப் புழுக்கையை ஊதிவிட்டுப் படிக்கலாம்.

1941. பெல்மீரோ ஃபலார்தோ, ஆலைக்காரன்.
அரசு கல்லில் கம்பி கட்டி
ஈய முத்திரை வைத்துவிட்டுப் போன பிறகு
இரவில் அரைத்தான்.
இருநூறு எஸ்குதோ.
அடுத்த மாதம் முந்நூறு.
அதற்கடுத்த மாதம் கழுதையை ஓட்டிப்போனார்கள்.

யாருக்கு அரைத்தான் என்று புத்தகம் கேட்கவில்லை.
அக்கரை ஸ்பெயின்.
அங்கே போர் முடிந்திருந்தது,
பசி முடியவில்லை.
பெண்கள் ஆழம் குறைந்த இடம் பார்த்து
இடுப்பளவு நீரில் வருவார்களாம்,
காலிச் சாக்கைத் தலையில் சுற்றிக்கொண்டு.
இக்கரையில் ஃபரீன்யா, அக்கரையில் ஹரீனா.
இருட்டில் இரண்டும்
கையில் ஒட்டினால்தான் தெரியும்.

நான்காம் மாதம் கையெழுத்து மாறுகிறது.
புதிய சுங்கக் காவலன், தியோதோசியோ மெய்ரா.
பள்ளிப் பிள்ளைபோல் உருட்டி உருட்டி எழுதுகிறவன்.
'முத்திரை சரியாக உள்ளது' என்கிறான்.
அதற்குக் கீழே இன்னொரு வரி.
அதை அவனே அடித்திருக்கிறான்,
பேனா முள் தாளைக் கிழிக்கும் அளவுக்கு.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

'கல் சூடாக இருந்தது.'

அதன்பின் இருபத்திரண்டு மாதம்
முத்திரை சரியாக உள்ளது
முத்திரை சரியாக உள்ளது
முத்திரை சரியாக உள்ளது.
உடையாத கம்பிக்குள் கல் எப்படிச் சுற்றியது?
ஆலைக்காரன் சொல்லவில்லை,
காவலன் கேட்கவில்லை.
1943 பிப்ரவரியில் மெய்ராவை வடக்கே மாற்றினார்கள்.
மார்ச்சில் இரண்டு காவலர்கள் வந்து
கல்லையே உளியால் பிளந்தார்கள்.
பெல்மீரோவின் பெயர் அதற்குமேல் எங்கும் இல்லை.

செப்டம்பரில் விடுதிக்காரர் வந்தார்,
நீச்சல்குளத்தோரம் பழைய கற்கள் வைத்தால்
விருந்தினருக்குப் பிடிக்குமாம்.
"தண்ணீர் இவ்வளவு வற்றியிருக்கிறதே,
ஏதாவது வெளியே வந்திருக்கிறதா?"

அன்று காலைதான் போயிருந்தேன்.
பிளந்த கல்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
சூடாகத்தான் இருந்தது.
வெயில், வேறென்ன.

"சேறுதான்" என்றேன்.
பதிவேட்டைத் திறந்து
எண்ணை மட்டும் எழுதினேன்.

நவம்பரில் ஏழு நாள் விடாமல் மழை.
எட்டாம் நாள் படகெடுத்துப் போனபோது
முதுகு இருந்த இடத்தில்
நீர்க்காகம் ஒன்று முங்கியது.
காத்திருந்தேன்.
எங்கோ தள்ளி எழுந்தது.