பத்தாம் நம்பர்

ராத்திரி ஒன்பதரை. ஆனிக் காற்று
ஷெட் தகரத்தை உரித்துப் பார்க்கிறது.
பிக்கப்பின் பின்கதவை இறக்கி
எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன்,
உவரிக் கரையில் மீனை ஏலத்துக்குக் கொட்டுகிறவள் மாதிரி.

நாளைக்குச் சரக்கு ஆறு பேரல் கியர் ஆயில்,
தேரி விளிம்பில் முனகிக்கொண்டு நிற்கிற
பதினேழாம் காற்றாலைக்கு.
பேரல் போக மிச்ச இடம்
ஆட்டுக்குட்டி ஒன்று படுக்கலாம்.
அதற்குள்தான் அடுக்க வேண்டும் என் பயம் அத்தனையும்.

ஜாக்கி வரும். தனியாக வராது.
அந்தச் செம்மணலில் ஜாக்கியை மிதித்தால்
வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.
அடியில் கொடுக்கப் பழைய கட்டில் சட்டம் ஒன்றரை அடி.
வீல் ஸ்பேனர்; அதன் வாலில் செருக
முழநீள இரும்புக் குழாய்
(என் எடை ஐம்பத்தோரு கிலோ,
போல்ட்டை முடுக்கியவன் எடை தொண்ணூறு).
ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர்,
ஹோஸ் கிளிப் மூன்று, கட்டுக்கம்பி.
காற்றுப் பம்பு கட்டாயம்:
டயரின் மூச்சைப் பாதி இறக்கித்தான் மணலுக்குள் போகணும்.
இறக்க ஒரு குச்சி போதும்.
ஏற்றத்தான் பம்பு.

சுத்தியலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
கல் கிடைக்காத ஊரா இது என்று வைத்தேன்.
தேரியில் கல் ஏது என்று
திரும்ப எடுத்தேன்.

"இம்புட்டும் எதுக்குக்கா? போன் இருக்குல்லா.
வள்ளியூர்ல இருந்து ஸ்டான்லி ஓடி வருவாம்லா"
என்கிறான் மாசானமுத்து, காற்றாலை டெக்னீசியன்.
வருவான்.
டவர் கிடைக்கிற பனையின் உச்சியில் நின்று
கூப்பிட்டால் வருவான்.

போன ஆவணியில் நடுத்தேரியில் அச்சுவரை புதைந்தோம்.
கயிறு இருந்தது, செயின் புல்லி இருந்தது,
கட்டி இழுக்க ஒரு மரம் இல்லை.
பனையெல்லாம் எட்டிய தூரத்தில்
வேடிக்கை பார்த்தன.
கடைசியில் ஸ்டெப்னியை இறக்கி
நெஞ்சளவு குழியில் புதைத்து
அதில் கட்டி இழுத்தோம். வந்தது வண்டி.
குழி தோண்டியது என் டிபன் பாக்ஸ் மூடி.
இன்றைக்கும் அது டப்பாவில் சரியாக உட்காராது,
சாம்பார் ஒழுகும்.
ஆகவே மண்வெட்டி. கேள்வியே இல்லை.
காம்பு நீளம் என்றால் காம்பை அறுப்பேன்.

ஸ்பேனர்களை என் பழைய நைட்டித் துணியில்
ஒவ்வொன்றாகச் சுற்றுகிறேன்.
பன்னெண்டு-பதிமூணு. பதினாலு-பதினஞ்சு. பதினேழு.
எட்டு இருக்கிறது.
பத்து இல்லை.
பத்து எப்போதும் இல்லை.
சாயங்காலம்தான் புதிதாக ஒன்று வாங்கினேன், மூன்றாவது.
கடைக்காரர் பில் போடும்போதே சிரித்தார்.

மாசானம் தன் பையை அவிழ்த்தான்,
எண்பது மீட்டர் ஏணிக்குத் தோளில் கொண்டுபோகிற பை.
ஆறே ஆறு சாமான்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை நைலான் நூல்.
"மேல போயி மறந்துட்டேன்னு வைங்க, எறங்கி ஏறணும்.
கைதவறிச்சுன்னா கீழ நிக்கவன் தலை."
பிறகு ஒன்றும் பேசாமல்
என் புதுப் பத்துக்கும் ஒரு முழம் நூல் வெட்டி
முடிச்சுப் போட்டான்,
பெட்டியின் காதில் மறுமுனை.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம்.
இட்டமொழி தாண்டி முதல் பள்ளம்.
பேரல்கள் அசையவில்லை.
துணிக்குள் இரும்பு தூங்கியது.
டேஷ்போர்டுக்கு உள்ளே, கைபோகாத எங்கோ
ணிங் என்று ஒரு சத்தம்.
அடுத்த பள்ளத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொன்று
அதற்குப் பதில் சொல்லியது.

மாசானம் என்னைப் பார்த்தான்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.
"ரெண்டும் வண்டிக்குள்ளதான் இருக்கு" என்றேன்,
கியரை மாற்றி.