பூசணி லோடு

ஆயுத பூஜைக்கு மறுநாள்
பொம்மசந்திராவுக்கு வருகிற லாரியில்
ஊரின் திருஷ்டி மொத்தமும் இருக்கும்.

கம்பெனி வாசலில் உடைத்தது,
ஆட்டோ ஸ்டாண்டில் உடைத்தது,
சில்க் போர்டு சிக்னலில் எவனோ உடைத்து
மூன்று ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தது.
குங்குமம் ஊறிச் சிவந்த சதை,
வாடிய வாழைக்கன்று, செவந்தி, பொரி,
சக்கரம் ஏறி நசுங்கிய எலுமிச்சை.
ஒன்பது டன் என்றது எடைமேடை.

முழுக்கத் தண்ணிதானம்மா, என்றார் நரசேகவுடர்.
உலர்த்தும் வேலை நமக்கு இல்லை,
ஈரக் குப்பைதான் இந்த இயந்திரத்தின் சாப்பாடு.
இருந்தாலும் பூசணி ரொம்பவே ஈரம்.
கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு
நாலு டிரம் கொட்டித்தான்
கூழைக் கெட்டியாக்கினோம்.

அரைக்கும் முன் காசு பொறுக்க வேண்டும்.
புதுக் காசைக் காந்தம் இழுத்துக்கொள்ளும்.
பழைய ஒரு ரூபாய் எதற்கும் மசியாது,
பம்பின் தொண்டையில் குறுக்கே போய் நிற்கும்.
முனிலட்சுமி கையுறை மாட்டிக்கொண்டு
தடவித் தடவி எடுத்தாள்:
நூற்றி நாற்பத்தியாறு ரூபாய்.
திருஷ்டிக் காசில் டீ குடிக்கலாமா என்று
கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது.
குடித்தோம்.

அப்புறம் என் வேலை.
முந்நூறு டிகிரி. இருநூறு பார்.
அந்தச் சூட்டுக்கு எந்த நீரும்
ஆவியாகி ஓடியிருக்கும்.
இங்கே ஓட இடம் இல்லை.
கொதிக்க விடாமல் அமுக்கி வைத்த நீர்
முரட்டு நீர்.
எண்ணெயும் தண்ணீரும் மாதிரி என்று
ஒட்டாத உறவைச் சொல்வோமே,
அந்தக் குழாய்க்குள் அது செல்லாது.
எண்ணெய் அங்கே நீரில் கரையும்.
நார் அவிழும்.
சோறு தன் பெயரை விடும்.
மண் கோடி வருடம் உட்கார்ந்து செய்வதை
இருபத்திரண்டு நிமிடத்தில் முடிக்கிற பதைப்பு
கேஜ் முள்ளில் தெரியும்.

நான் ஓசூர்க்காரி.
தினமும் அத்திப்பள்ளி தாண்டி வருகிறேன்.
ஆற்றுத் தண்ணீருக்காகக் கடை அடைத்த ஒரு மாலை,
ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்
என் வண்டியின் தமிழ்நாட்டு எண் மேல்
சேறு அப்பியிருந்தது,
ஓர் எழுத்தும் தெரியாமல், வெகு நேர்த்தியாக.
நரசேகவுடர் குழாயடியில்
கை கழுவிக்கொண்டிருந்தார்.
நிதானவா ஹோகம்மா, என்றார்.
அதைப் பற்றி இன்றுவரை
நாங்கள் பேசியதில்லை.

குளிர்ந்ததும் பிரிந்துவிடும்.
மேலே தார் நிறத்தில் எண்ணெய்,
கீழே கட்டாங்காப்பி நிறத்தில் தண்ணீர்,
முன்பின் பார்த்திராத முகத்தோடு இரண்டும்.
ஆனால் அந்தத் தண்ணீரை முகர்ந்தால்
எண்ணெயின் புகைவாசம் போகாமல் இருக்கும்.
என் தலைமுடியிலும் இருக்கும்.
சினிமா தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர்
எழுந்து மாறி உட்காருவார்.

ஒன்பது டன்னுக்கு ஒரு டிரம்,
அதுவும் விளிம்புக்கு ஒரு சாண் குறைய.
முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
அதிலும் பாதி பர்னருக்கே போகும்,
அடுத்த லோடுக்கு நீரைக் காய்ச்ச.

எல்லாம் முடிந்து ஒன்று மீந்தது.
இந்த இயந்திரத்துக்கே கண் படக்கூடாதென்று
நேற்று மாலை போட்டு, சூடம் காட்டி,
அதன் காலடியில் உடைத்த பூசணி.
கூட்டி ஓரமாக வைத்திருந்தோம்.
முனிலட்சுமி என்னைப் பார்த்தாள்.
நான் நரசேகவுடரைப் பார்த்தேன்.
அவர் தொட்டியின் மூடியைத் தூக்கினார்.
உள்ளே காசு இருக்கிறதா என்று மட்டும்
ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்.