வட்டவளை ஏற்றத்தில்

எங்கள் பக்கம் சிவப்பு விளக்கெல்லாம் கிடையாது.
மண் சரிந்த இடத்தில் ஒரு பலகை,
ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'போ'.
செம்மஞ்சள் அங்கி போட்ட ஒருத்தி
மழைக்குள் நின்று அதைத் திருப்புகிறாள்.
நில்.
நின்றேன்.

பேலியகொடையில் லீக்ஸை இறக்கிவிட்டு
நாற்பது மூடை சீமெந்தோடு ஏறி வருகிறேன்.
முன்னால் ஒரு பஸ்.
பின்னால் என்னவென்று பார்க்கவில்லை.
பெக்கோ ஒரு வாளி மண்ணைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு
அடுத்த வாளிக்கு யோசித்துக்கொண்டிருந்தது.

இந்த வளைவில் மட்டும்தான் சிக்னல் மூன்று கோடு காட்டும்,
அடுத்த திருப்பத்தில் செத்துப்போகும்.
இந்த ரோட்டில் ஓடுகிற எவனுக்கும் தெரியும்.
வண்டி நிற்கிறது. கோடும் நிற்கிறது.
ஓடுகிறபோது பார்த்தால்தானே குற்றம், சேர்,
என்று பொலிசுக்காக வைத்திருந்த நியாயத்தை
எனக்கே சொல்லிக்கொண்டு போனை எடுத்தேன்.

காலையில் பெறுபேறு வந்துவிட்டதாம்.
டிலக்சனாவின் சுட்டெண்
என் மணிக்கட்டில், அவளே பேனையால் எழுதியது.
வியர்வையில் நடு எண் ஊறி
மூன்றா எட்டா என்று தெரியவில்லை.
மூன்று என்று போட்டேன். யாரோ ஒரு பையனின் பெயர்.
கணிதத்தில் திறமைச் சித்தி. நல்லா இருக்கட்டும்.
எட்டு என்று போட்டேன்.
வட்டம் சுற்றத் தொடங்கியது.

சின்ன வட்டம், மிளகு அளவு.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கண்ணும் சுற்றியது.
கணிதம் வந்தால் போதும்,
மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்,
கணிதம் மட்டும்
என்று நான் கேட்டுக்கொண்டிருக்கையில்
பிரேக்கிலிருந்த கால்
நூல் நூலாய் இளகியிருக்கிறது.

நான்தான் நின்றிருந்தேன்.
லொறி நிற்கவில்லை.
முன்னாலிருந்த பஸ் மெல்லப் புறப்பட்டதுபோல் இருந்தது.
பலகை திரும்பவில்லையே
என்றுகூட ஓடவில்லை.
வட்டம் சுற்றியது, சக்கரமும்.

ஹோர்ன்.
ஒரே ஹோர்ன், விடாமல்,
மிதிபட்ட வாத்து மாதிரி ஆட்டோ ஹோர்ன்.
மிதித்தேன்.
நாற்பது மூடையும் பின்பலகையில் ஒருமுறை முட்டி அடங்கின.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன்.
என் பின்பலகைக்கும் ஆட்டோவின் கண்ணாடிக்கும் இடையில்
ஒரு சாண். அதற்குள்ளும் மழை பெய்தது.
ஓட்டுகிறவன் அப்போதுதான் தலையைத் தூக்குகிறான்,
தாடையில் நீல வெளிச்சம், மடியில் போன்.
ஹோர்ன் அடித்தது அவனில்லை.
பின் சீட்டிலிருந்து உடம்பை வளைத்து
அவன் தோளுக்கு மேலால் கை நீட்டி
இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது
வெள்ளைச் சட்டை போட்ட ஏழு வயசு ஒன்று.

நானும் அவனும் ஏசிக்கொள்ள வேண்டிய இடம்.
இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.
"போதும் தம்பி, கையை எடு" என்றேன்.
லொறியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
திரும்ப லொறியைப் பார்த்தான்.
பிறகுதான் எடுத்தான்.

போ என்றது பலகை.
பக்கத்து சீட்டில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே வந்தது.
மூன்று கோடு, இரண்டு, திருப்பம்.
போச்சு.

ரொசல்ல தாண்டி அது அடித்தது.
அடிக்க விட்டேன்.
இடப்பக்கம் ஒதுக்கினேன். இன்ஜினை அணைத்தேன்.
கானுக்குள் கிடந்த கல்லைத் தூக்கி
பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்து
காலால் ஒருமுறை உதைத்தும் பார்த்தேன்.
அதற்குள் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.
கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
சொல்லு மகள் என்றேன்.