ஐம்பத்தைந்து வாட்

எட்டு மாதத்தில் இது நாலாவது பல்பு.
இடது போனால் பத்தே நாளில் வலது,
இரட்டைப் பிள்ளைகளுக்கு அம்மை வந்தது மாதிரி.

காலை நாலரைக்கு வேன் எடுப்பேன்.
ஏழாம் கட்டைச் சந்தியில் ஜெசிந்தா,
கோயில் வளைவில் நகுலா,
பழைய ஸ்டோர் வாசலில்
பேசாமல் ஏறும் நேப்பாளப் பெண்கள் இருவர்,
பிறகு மற்றவர்கள்.
கையுறைத் தொழிற்சாலையில்
ஆறு மணிக்குள் விரல் பதிக்க வேண்டும்.
பிந்தினால் அரை மணிச் சம்பளம் போகும்.
பாதை முழுக்கச் செம்பனை.
தெருவிளக்கு
தேர்தல் பேச்சில் மட்டும் எரியும்.

போன செவ்வாய்
பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று
என் ஒற்றை விளக்கைப் பார்த்து
மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிட்டது.
மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு வழியோ
அவ்வளவுதான் விட்டது.
எட்டுப் பேரோடு நான்
வாய்க்கால் ஓரப் புல்லில்.
பக்கக் கண்ணாடி மட்டும் போனது.
நகுலா தூக்கம் கலைந்து
வந்தாச்சா என்று கேட்டாள்.

பீடோர் கடைத்தெருவில் ஆ ஹெங்
மூன்று பெட்டிகளை மேசைமேல் வைத்தான்.

நீலம் பூசியது முதலில்.
பகல் மாதிரி அடிக்கும்.
என் தம்பி சரவேஸ்
ஒவ்வொரு தடவையும் வாங்கிப் போட்டது இதைத்தான்;
பளிச்சென்று இருந்தால் போதும் அவனுக்கு.
வெள்ளையாய் எரிய
உள்ளே இழை கூடுதலாய் வேகணும் அக்கா,
சீக்கிரம் அறுந்துடும் என்றான் ஆ ஹெங்,
விற்கிறவன் சொல்லக்கூடாததை.

அடுத்தது எல்.இ.டி., பின்னால் குட்டி விசிறி.
வருஷக் கணக்கில் வரும்,
ஆனா உங்க வேன் கிண்ணம் இதுக்குச் செய்தது இல்ல,
எதிரே வர்றவன் கண்ணுலதான் கொட்டும்.
அந்த லோரிக்காரனை நினைத்தேன்.
வைத்துவிட்டேன்.

மூன்றாவது பெட்டியில் தூசி.
மஞ்சள் வெளிச்சம், நீண்ட ஆயுள்,
ஜோடி முப்பத்திரண்டு வெள்ளி.
வெளிச்சம் கம்மியா?
கொஞ்சம் கம்மி. மாடு நின்னா தெரியும்.
மாடு நின்றால் தெரிய வேண்டும்,
எனக்கு அவ்வளவுதான்.
ஒண்ணு போனாலும் ரெண்டையும் மாத்து என்றான்.

காசை வாங்கவில்லை அவன்.
எஞ்சினை ஓடவிட்டு
பேட்டரியில் மீட்டரை வைத்தான்.
பதினைந்து புள்ளி நாலு.
பதினாலு சொச்சம்தான் இருக்கணுமாம்.
யாரும் கேட்காமலே
அதிகம் அதிகம் என்று
ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது ஆல்டர்னேட்டர்.
நாலு பல்பையும் திட்டிய என் வாய்
சும்மா இருந்தது.
ரெகுலேட்டர் தொண்ணூறு வெள்ளி.
கூட்டுக் காசை உடைத்தேன்.

ராத்திரி, வாசலில்,
கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
நானே மாட்டினேன்.
ஜெசிந்தா தந்த கழிவுக் கையுறை,
சுண்டுவிரல் ஒட்டிப்போனது.
கண்ணாடியில் விரல் படக்கூடாது;
பட்ட இடத்தில் எண்ணெய் வெந்து
கண்ணாடியே தெறிக்கும்.
தினமும் விரலை வைத்தால்தான்
உள்ளே விடுகிறார்கள் அவர்களை.

பேட்டரிக்குப் பின்னால் கை நுழையும்,
தலை நுழையாது.
ரப்பர் மூடியை உரித்து
கம்பிக் கொக்கியைத் தடவித் தடவி விலக்கி
மூன்று காது, ஒரே ஒரு விதமாய்த்தான் உட்காரும்.
நாலாம் தடவை டக் என்றது.
புறங்கையில் கீறல். இன்னொரு பக்கம் பாக்கி.

பக்கத்து வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தேன்.
இடப்பக்கம் சற்றே ஏறி
வலப்பக்கம் தாழ்ந்து
இரண்டு மஞ்சள் வட்டம்.
யாரு அது என்று உள்ளேயிருந்து சத்தம்.
நான்தான், படுங்க.

மறுநாள் நகுலா ஏறியதும் சொன்னாள்,
லைட் டல்லா இருக்கே.
இருக்கட்டும் என்றேன்.
ஆறாம் கட்டை தாண்டுமுன் தூங்கிவிட்டாள்.

அட்டைப்பெட்டியின் மூடியில்
தேதி எழுதி வைத்திருக்கிறேன்.
உபரி ஜோடி ஒரு காலுறைக்குள், டாஷ்போர்டில்.
இன்றோடு இருநூற்றுப் பதினொரு நாள்.
இன்று வளைவில் மாடு நின்றது,
அசை போட்டுக்கொண்டு,
நகரவே இல்லை.
விளக்கைத் தாழ்த்திக்கொண்டு
காத்திருந்தேன்.