ஆறுதலாய்

முகமாலையில் எனக்கு ஒரு மீற்றர் அகலம் தந்தார்கள்.
நீளத்தை நானே முழங்காலில் நின்று எடுக்கவேண்டும்.
சிவப்புத் தடி முன்னால், வெள்ளைத் தடி பின்னால்,
இடையில் முகக்கவசத்துக்குள் என் மூச்சு.
நாளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம்.
சில நாள் அதுவுமில்லை.
ஆணி கத்தும். ரவைக்கோது கத்தும்.
மீன்ரின் மூடி கத்தும்.
எல்லாவற்றையும் வெடி என்று நினைத்துத்தான்
மண் விலக்கவேண்டும்.

"கெதியாய் முடிக்கிற ஆள் இங்கை தேவையில்லை"
முதல் நாளே சொன்னார் மேற்பார்வையாளர் றொசான்தாஸ்.
அதுவரை என்னிடம் ஒருவரும்
அப்படிச் சொன்னதில்லை.

ஆறு வருசம்.
பிறகு காசு தந்த நாடு
வேறெங்கோ ஒரு போரின் பக்கம் திரும்பியது.
கவசத்தையும் கருவியையும் ஒப்படைத்துக் கையெழுத்து வைத்தேன்.
என் பழைய வேகத்தை
ஒருவரும் திருப்பித் தரவில்லை.

வீட்டில் அது பெரிய தொல்லை.
அரிசியில் கல்லுப் பொறுக்கும்போது
பக்கத்தில் ஆராவது சத்தமாய்க் கதைத்தால் கை நின்றுவிடும்.
சாந்தரூபன், லீசிங்கில் எடுத்த மோட்டார்சைக்கிளை
முற்றத்தில் உறுமவிட்டுக் கத்துவார்:
"கெதியா வாவனப்பா, சந்தை முடியப்போகுது."
நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பேன்.
ஒருநாளும் அவருக்கு முன்னால் போய்ச்சேர்ந்ததில்லை.
வழியில் விழுந்துகிடந்த புளியம்பழம் மட்டும்
என் கூடைக்குள்.
மூன்று மாதம் கட்டுக்காசு பிந்த
இரண்டு பேர் கெதியாய் வந்தார்கள்,
கெதியாய் உருட்டிக்கொண்டு போனார்கள்.

கிணற்றுக் கதை வேறு.
பளைப் பக்கம் எங்கள் நிலத்துக்குக் கீழே
கடல் படுத்திருக்கிறது.
அதன்மேல் மழைத்தண்ணீர், பாலாடை போல, மெல்லிசாய்.
பங்குனியில் அயலெல்லாம் மோட்டர் போட்டார்கள்.
தர்மகுலத்தின் வெங்காயத்தாள் நுனி கருகியது.
நடேஸ்வரி வீட்டுத் தேத்தண்ணி கரித்தது.
நாங்களும் வாங்கினோம், பொய் சொல்லக்கூடாது,
அதுவும் கடனுக்கு.
இரண்டாம் நாள் ஒரு துளியை நாக்கில் வைத்தேன்.
காதுக்குள் கருவி கத்தியது.
ஓடிப்போய் நிறுத்தவில்லை.
நடந்துபோய் ஆளியை அமத்தினேன்.

பிறகு காலையில் இருபது வாளி, பின்னேரம் இருபது.
இடையில் கிணறு தன்பாட்டில் ஊறட்டும்.
ஆயிரம் கன்று என்று நினைத்த மிளகாய்
முந்நூறோடு நின்றது.
அபிசனாவின் ரியூசன் காசில்
ஒரு மாதம் துண்டு விழுந்தது.
கொப்பியில் இதை
வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா,
இன்னும் தெரியாது.

மூன்று நாள் சாந்தரூபன் என்னோடு கதைக்கவில்லை.
நாலாம் நாள் வந்து வாளியை வாங்கினார்.
விசுக்கென்று இழுக்க, பாதித் தண்ணி கட்டில் கொட்டியது.
"ஆறுதலா" என்றேன்.

சொன்னபிறகுதான் அந்தச் சொல் எனக்குக் கேட்டது.
மெதுவாய் என்பதற்கும் எங்களிடம் அதுதான்.
செத்தவீட்டில் தோளில் வைக்கிற கைக்கும் அதுதான்.
விரைவுக்குக் கெதி.
கடைசியில் இப்படியானோமே, அதற்கும் கெதி.
ஆர் பார்த்து வைத்த பெயர்களோ.

அவர் அடுத்த வாளியை
கயிறு உள்ளங்கையில் ஊர ஊர இழுத்தார்.
எட்டிப் பார்த்தேன்: நீர்மட்டம் அசைந்து,
இரண்டு தலையையும் கலைத்து,
பிறகு சேர்த்தது.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாளிருக்கிறது.
தினமும் நாக்கில் ஒரு துளி.
இன்றைக்குச் சாதுவாய்க் கரித்தது.
பதினெட்டு வாளியோடு நிறுத்திவிட்டோம்.