நூற்று நாற்பது கிராம்

மாரியம்மன் ஆலயத்திலிருந்து லோரி வந்தபோது
தீமிதி முடிந்து மூன்று நாள்.
பதினொரு சாக்கு.
வேண்டுதல் தீர்ந்தவர்கள்
செருப்பைத் தேடாமலே போயிருந்தார்கள்,
அல்லது தேடி, அடுத்தவருடையதில் போயிருந்தார்கள்.
நிறுவையில் ஏற்றினேன்: இருநூற்று ஆறு கிலோ.
ஒட்டிய சாம்பலுக்கு இரண்டு கிலோ கழித்தார் தவுக்கே.

நான் பிரிக்கிறவள்.
கெருயிங் பட்டணத்தில், ரயில் சடக்குக்கு அந்தப் பக்கம்,
முன்பு கித்தாத் தகடுகளுக்குப் புகைபோட்ட கொட்டகையில்
காலை ஏழரைக்குக் கையுறை மாட்டுகிறேன்.
வலப்பக்கம் ரஃபிகுல், வார் அறுக்கிறவன்.
இடப்பக்கம் புஷ்பாவதி, ஆணியும் கொக்கியும் பிடுங்குகிறவள்.
பேச முடியாது, அரைவை இயந்திரம் விடாது.

கால்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் தெரியும்.
இடது காலணியின் மேல்தோலில் மட்டும் கருந்தழும்பு என்றால்
கியர் மாற்றிய மோட்டார் சைக்கிள்.
குதிகால் ஒருபக்கமாய்ச் சாய்ந்து தேய்ந்திருந்தால்
இரவுக் காவல், நின்றே தூங்கியவர்.
அடியில் செம்பனை முள் ஒடிந்து கிடந்தால்
அந்த பூட்ஸுக்குள் கையை விடமாட்டேன்.

பள்ளிக் காலணி வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறிய வருடம்
வெள்ளை மலையாக வந்து குவிந்தது.
ஒன்றின் நாக்கில் பேனாவில் எழுதியிருந்தது:
'கவின், 2 மல்லிகை.'
கத்தரித்தேன். கான்வாஸ் ஒரு குவியல், அடி ஒரு குவியல்.
மல்லிகை எதில் போனது, நினைவில்லை.

பகை செருப்பல்ல, பசை.
ரப்பர், பஞ்சு, துணி, தகரக் கண்,
சேராததையெல்லாம் சேர்த்து ஒட்டிவிட்டுப்
பிரி என்று என்னிடம் தருகிறார்கள்.
விவாகரத்து கேட்ட வாரம் வக்கீலிடமும் இதையே சொன்னேன்:
ஒட்டுகிறவனுக்கு ஒரு நிமிடம்,
பிரிக்கிறவளுக்கு முழுநாள்.
அவர் எதையோ குறித்துக்கொண்டார்;
கட்டணத்தில் சேர்த்திருப்பார்.

கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தார், கழுத்தில் அட்டை.
சுவரில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார்:
மரம், பால், செருப்பு, தூள், மறுபடி செருப்பு.
எதுவும் குப்பையாகாது என்றார்.
சுவர் சொரசொரப்பு. கோடு
தொடங்கிய இடத்துக்கு ஒரு சாண் முன்பே கட்டி தீர்ந்தது.
அவர் போனபிறகு
ரஃபிகுல் அந்த ஒரு சாணில் முதுகைச் சாய்த்து
"நம்ம இடம், அக்கா" என்றான்
அரைகுறைத் தமிழில், முழுசாக.

இங்கே புகை குடித்த பால் கப்பலேறிப் போனது.
அதை எடுத்தவர்கள் காலில் செருப்பில்லை என்று
உருகலாம்தான்.
இன்றைய கணக்கில் இன்னும் நாற்பது கிலோ பாக்கி.

தூள் மூட்டை போகும், பாயாகத் திரும்பும்.
தமிழ்ப்பள்ளித் திடலில், சறுக்குமரத்தடியில்,
நாற்பது சதுரம் விரித்தார்கள். ஒன்று எழுபது வெள்ளி.
வேலியோரம் நின்று பார்த்தேன்.
டீச்சர் சொன்னபடி பிள்ளைகள்
கறுப்புக் காலணிகளைக் கழற்றி வரிசையாய் வைத்துவிட்டு
ஆயிரம் செருப்புகளின் மேல்
வெறுங்காலோடு குதித்தார்கள்.
நான் பாயைப் பார்க்கவில்லை,
வரிசையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்றரை வருடம். இவையும் வரும்.

நேற்று நல்ல மழை. வழியில் என் செருப்பு அறுந்தது.
நொண்டிக்கொண்டே வந்து நிறுவையில் வைத்தேன்:
நூற்று நாற்பது கிராம். எட்டு சென்.
தவுக்கே சாக்கைத் திறந்து பிடித்தார், விளையாட்டுக்கு.

தாலியைக் கழற்றியபோது
அதில் தொங்கிய ஊக்கை மட்டும் பர்ஸில் போட்டிருந்தேன்.
அதை எடுத்து வாரின் அடியில் குத்தி,
நடந்து பார்த்து,
அடுத்த சாக்கை அவிழ்த்தேன்.